எதிர்ச்சுவருக்கு ஆறு படங்கள்

சிவகாமி மதினி தொலைபேசியில் சுருக்கமாகப் பேசுகிறவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். "இவிய இந்த மாசம் ரெண்டு தடவை டயாலிசிஸுக்குப் போகல. அப்புறம் மூச்சு முட்டி ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம். இனிமே போகவே மாட்டேன்னு சொல்லுதாவ. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போனா நல்லாருக்கும் தம்பி" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன்.

'இவிய' என்று மதினி சொன்னது தன் கணவர் கோமதிநாயகம் அண்ணாச்சியை. நான் வேலை பார்த்த நாளிதழின் நெல்லைப் பதிப்பில் அவர் நிருபர், நான் புகைப்படக்காரன். அவருடைய நீல நிற ஸ்கூட்டரில் எட்டு வருடம் மாவட்டம் முழுக்கச் சுற்றினோம். அவர் ஓட்டுவார். நான் கேமரா பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பேன். கோயில் கொடை, கூட்டுறவுச் சங்கத் தேர்தல், சாலை மறியல், எதுவானாலும் என் படத்தில் இருக்கும் அத்தனை பேரையும் இடமிருந்து வலம் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரு பெயர் விடுபட்டால் அந்த ஆள் மறுநாள் காலை அலுவலக வாசலில் நிற்பார். பெயர் தெரியாத படம் அச்சுக்குப் போகாது என்பது எங்கள் சட்டம். அந்தச் சட்டம் இந்தப் பயணத்தில் என்னை ஒருமுறை கவிழ்த்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிறகு நான் சென்னைக்கு மாற்றலாகி, அங்கேயே ஓய்வும் பெற்றேன். மூன்று வருடமாக மனிதர்களைப் படமெடுப்பதில்லை. பெயர்ந்த சுண்ணாம்பு, பஸ் ஜன்னலின் கீறல், வாளியின் அடிப்பக்கம் என்று யாரும் நின்று பார்க்காத பொருள்களை ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுக்கிறேன். போதுமான அளவு நெருங்கிவிட்டால் பொருள் மறைந்து நிறமும் கோடும் மட்டும் மிஞ்சுகின்றன. அவற்றில் சில அழகாக இருக்கின்றன. ஏன் என்று இன்னும் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கு ஒருமுறை நாலைந்து படங்கள் அனுப்பினேன். "செய்தி எங்கவே?" என்று ஒரு வரி பதில் வந்தது.

பெருமாள்புரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். தாமிரவருணிப் பாலம் வந்ததும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "ஊருக்குப் புதுசா?"

"பழசு."

"அப்போ ஆத்தைப் பாக்காதிய. நேரா பாருங்க. வருத்தப்படுவிய."

பார்த்தேன். ஒரு கரையோரம் ஆகாயத்தாமரை படர்ந்திருந்தது. மறுகரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சென்னையில் ஆற்றைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வோம். இங்கே ஆட்டோக்காரர் ஆற்றுக்காக மன்னிப்புக் கேட்கிறார்.

அண்ணாச்சி வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. மேலே பழைய படுதா. டயர் இரண்டிலும் காற்று இல்லை. டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது, அன்றிலிருந்து அதை எடுக்கவில்லை என்று மதினி சொன்னார். அவர் அதைத் தாண்டி உள்ளே போனார். நானும் தாண்டிப் போனேன்.

இட்லியும் எள்ளு மிளகாய்ப்பொடியும் எனக்கு வந்தன. தேங்காய்ச் சட்னியும் எனக்கு மட்டும்தான். அண்ணாச்சிக்கு உப்புக் குறைத்த துவையல். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தேங்காய்ப்பால் சொதி கூடாது. தண்ணீர் அளவுதான். அலமாரியில் ஒரு எவர்சில்வர் செம்பு இருந்தது. அன்றைக்குக் குடிக்க வேண்டிய தண்ணீர் முழுவதும் அதில்தான். அவர் அதை எடுத்து ஒரு வாய் நனைத்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"தாமிரவருணிக் கரையில பொறந்துட்டு செம்புத் தண்ணியை அளந்து குடிக்கேன். இதை நீரு படம் எடும். தலைப்பு நான் போட்டுத் தாரேன்" என்றார்.

ஆள் பாதியாகியிருந்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது. மருத்துவமனைப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவரே எடுத்தார். "உம்மை இவ வரச்சொல்லியிருக்கா. புத்தி சொல்லத்தான வந்திருக்கீரு?"

"சாப்பிட வந்தேன்."

"நாளைக்குத் திங்கக்கிழமை. நீரு வந்ததுக்காகப் போறேன். கூட வந்து அந்தக் கொட்டடியைப் பாரும். பாத்துட்டு அப்புறம் புத்தி சொல்லும்."

திங்கள்கிழமை காலை அவரோடு போனேன். ஆறு கட்டில் கொண்ட நீளமான அறை. ஒவ்வொரு கட்டில் அருகிலும் ஓர் இயந்திரம். அண்ணாச்சிக்கு ஊசி ஏற்றி முடித்த பிறகு, செருப்பைக் கழற்றி முகக்கவசம் போடச் சொல்லி என்னை உள்ளே விட்டார்கள். அவர் இடது கையிலிருந்து இரண்டு குழாய்களில் ரத்தம் போய் வந்துகொண்டிருந்தது. அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஆறு பேரும் ஒரே திசையில் படுத்திருந்தார்கள். எல்லோருக்கும் எதிரே ஒரே சுவர்.

"சொல்லும், அந்தச் சுவர்ல என்ன இருக்கு?"

"கடிகாரம். சுவிட்ச் போர்டு. கை கழுவுறதைப் பத்தி ஒரு தாள்."

"அந்தத் தாள்ல ஏழு படம். கையை எப்படிக் கழுவணும்னு ஏழு படம். மூணாவது படத்துல விரல் ஆறு இருக்கு. வரைஞ்சவன் கவனிக்கலை. ஒன்றரை வருசத்துல இந்தச் சுவர்ல நான் கண்டுபிடிச்ச செய்தி அது ஒண்ணுதான்."

எண்ணிப் பார்த்தேன். ஆறு விரல் இருந்தது.

"போன்ல ஏதாவது பாக்கலாமே அண்ணாச்சி?"

"ஒத்தக் கையில தூக்கிப் பிடிச்சுப் பாத்தா மூஞ்சியில விழுது. ரெண்டு தடவை விழுந்தாச்சு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த சுடலைமுத்து சிரித்தார். அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "டிவி இருந்துச்சு சார். அண்ணாச்சிக்குச் செய்தி, எனக்குப் பழைய பாட்டு, அந்தா அவங்களுக்குச் சமையல். தெனமும் அடிதடி. இங்க வேலை பாக்குத மெர்சி பாப்பா வயரைப் புடுங்கிக் கொண்டு போயிட்டு."

'அவங்க' என்றது கடைசிக் கட்டிலில் இருந்த மேலப்பாளையம் ரஹ்மத்து பீவியை. "நான் என்ன கேட்டேன்? பிரியாணி போடுதப்ப மட்டும் வைங்கன்னேன். திங்கத்தான் விடல, பாக்கக்கூட விடல" என்றார் அவர்.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "ஊசிக்கு நான் பயப்படல. நாப்பது வருசம் கலவரம், வெள்ளம், துப்பாக்கிச் சூடுன்னு அலைஞ்சவன். ஒண்ணுமே நடக்காத எடத்துல நாலு மணி நேரம் நான் இருந்ததே இல்லவே. வாரத்துல மூணு நாளு. புதன்கிழமை வர மாட்டேன். முடிவு பண்ணிட்டேன்."

வெளியே வந்தபோது மெர்சி பின்னாலேயே வந்தார். டயாலிசிஸ் டெக்னீஷியன், முப்பது வயது இருக்கும். "சார், அங்கிள் புதன்கிழமை வராட்டா வெள்ளிக்குள்ள நெஞ்சுல தண்ணி கோத்துரும். போன தடவை நான்தான் டியூட்டி. தூக்கிட்டு வந்தப்ப அவங்களால மூச்சே விட முடியல."

என்னிடம் மருந்து எதுவும் இல்லை. அவருடைய குறை மருத்துவக் குறையும் இல்லை என்று எனக்குப் பட்டது. அந்தச் சுவரில் ஏதாவது மாட்டலாமா என்று கேட்டேன். மெர்சி மேலாளரிடம் கூட்டிப் போனார். மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. ஆணி அடிக்கக் கூடாது. மருந்து போட்டுத் துடைக்கிற மாதிரி லேமினேட் செய்திருக்க வேண்டும். சாமி படம் வேண்டாம், ஒரு சாமியை வைத்தால் மற்ற சாமிகளையும் வைக்க வேண்டியிருக்கும். நிபந்தனை மூன்றோடு முடிந்துவிட்டது என்று எழுந்தபோது மெர்சி நான்காவதைச் சேர்த்தார். "சிவப்பு கலர் மட்டும் வேண்டாம் சார். அது இங்க நெறையப் பாத்தாச்சு."

அன்று மாலையே தொடங்கினேன். வண்ணார்பேட்டையில் ஒரு டீக்கடை. மாஸ்டர் வடிகட்டித் துணியை உதறி ஆணியில் மாட்டினார். துணியில் வளையம் வளையமாகக் கறை, உள்ளே கறுப்பு, வெளியே போகப்போகத் தேன் நிறம். கேமராவைக் கிட்டே கொண்டுபோனேன்.

"என்ன செய்யுதீரு?"

"துணியைப் படம் எடுக்கிறேன்."

"எடுத்துப் பேப்பர்ல போட்டு எங்கடை சுத்தமில்லன்னு எழுதவா? இந்தா பாரும், தெனம் சுடுதண்ணியில அலசுதோம்."

நான் பத்திரிகைக்காரன் இல்லை என்றேன். இந்த வாக்கியத்தைச் சொல்ல இன்னும் பழகவில்லை. படத்தைத் திரையில் காட்டினேன். அவர் துணியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி துணியைப் பார்த்தார். "நம்ம துணியா இது? மலை மாதிரில்லா இருக்கு" என்றார். டீக்குக் காசு வாங்க மறுத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை டவுனில் ஒரு அல்வாக் கடையின் பின்கட்டில், கழுவிக் கவிழ்த்த இரும்புச் சட்டியை எடுத்தேன். கரியும் நெய்யும் இறுகி, தார்ச்சாலையில் மழை பெய்த மாதிரி மினுங்கியது. குறுக்குத்துறையில் சோப்பு நுரை காய்ந்த துவைகல் ஒன்று. பூக்கடையில் ஈரச்சாக்கு ஒன்று. நான்கு படங்களோடு ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடைக்குப் போனேன். சன்போர்டு அட்டையில் ஒட்டி லேமினேட் செய்ய வேண்டும்.

கடைக்காரர் கணினியில் படங்களைத் திறந்து ஒவ்வொன்றையும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "யாரு படமும் இல்லையே?"

"இல்லை."

"ஓரத்துல உங்க படத்தை வச்சிருவோமா? கும்பிடுத மாதிரி?"

"வேண்டாம்."

"வருக வருகன்னாவது போடுவோமே. ஒண்ணுமே எழுதலன்னா எதுக்குன்னு தெரியாதுல்லா."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். அவர் சொல்வது சரி என்று தோன்றியது. வேலை பார்த்த காலம் முழுவதும் படவிளக்கம் இல்லாமல் ஒரு படத்தை என் கையைவிட்டு நான் அனுப்பியதே இல்லை. உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். 'டீ வடிகட்டித் துணி, வண்ணார்பேட்டை.' 'அல்வாச் சட்டியின் வெளிப்பக்கம், டவுன்.' 'துவைகல், குறுக்குத்துறை.' 'பூக்கடைச் சாக்கு, சந்திப்பு.' ஒவ்வொரு படத்தின் அடியிலும் வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம், "நாளைக்கு அந்தச் சுவரில் என் படங்களை மாட்டப் போகிறேன். மட்டமாக இருந்தால் நேரில் வந்து சொல்ல வேண்டும்" என்றேன்.

"திட்டணும்னா வாரேன்" என்றார்.

புதன்கிழமை இரட்டைப் பக்க டேப்பில் நான்கையும் ஒட்டினோம். மெர்சி தூர நின்று மட்டம் பார்த்துச் சொன்னார். ஆறு பேரும் படுத்த பிறகு நான் கதவோரம் நின்றேன்.

பத்து நிமிடம் ஆகவில்லை. ரஹ்மத்து பீவி ஒவ்வொன்றாகப் படித்தார். "டீத்துணி. அல்வாச் சட்டி. துவைகல். சாக்கு. சரி." கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "தலைப்பைப் படிச்சாச்சு. பேப்பரை மடிச்சு வைக்க வேண்டியதுதான். படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலு மணி நேரத்துல பத்து நிமிசம் போச்சு. மிச்சத்துக்கு என்ன செய்ய?"

உண்மை. தோற்றுப் போன சங்கடத்தோடு நின்றேன்.

அரை மணி நேரம் கழித்துச் சுடலைமுத்து கேட்டார். "அண்ணாச்சி, அந்த ரெண்டாவது படம் என்ன? அகஸ்தியர் மலையில ராத்திரி மழை பெய்யுதா?"

"அடியில எழுதியிருக்குல்லாவே."

"கண்ணாடியைப் பொண்டாட்டிகிட்ட கொடுத்துட்டேன். எழுத்துத் தெரியல. படம் தெரியுது."

"என்னன்னு நெனைக்கீரு, சொல்லும்."

"குலசை தசராவுக்கு ஸ்பெஷல் பஸ் ஓட்டுவேன். காளி வேசம் போட்டவன் ஏறுவான். வேர்வையில கறுப்புச் சாயம் வடிஞ்சு கழுத்துல மினுங்கும். இது அப்படித்தான் இருக்கு. மலை இல்லைன்னா காளிதான்."

அறையில் நாலு பேர் சிரித்தார்கள். ரஹ்மத்து பீவி கண்ணைத் திறந்து, "அது நோம்புக் கஞ்சி அடிபிடிச்ச சட்டி மாதிரி இருக்குன்னு நானும் நெனச்சேன். எழுத்தைப் பாத்துட்டு வாயை மூடிக்கிட்டேன்" என்றார். அடுத்த ஒரு மணி நேரம் சுடலைமுத்து மட்டுமே படங்களைப் பார்த்தார். மற்றவர்கள் அவர் என்ன பார்க்கிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மெர்சி கையில் வெள்ளை பிளாஸ்டர் சுருளோடு வந்தார். ஒவ்வொரு படத்தின் அடியிலும் எழுத்தை மறைத்து ஒட்டினார். "இது லேட்டு சார். இவங்க படிச்சிட்டாங்க. வெள்ளிக்கிழமை புதுசு கொண்டு வாங்க. பேரு எழுதாதீங்க."

அண்ணாச்சி என்னோடு ஆட்டோவில் வீடு திரும்பினார். ஆட்டோ வாசலில் நின்றதும், "வெள்ளிக்கிழமையைப் பத்தி நான் இன்னும் முடிவு பண்ணல" என்றார். திங்கள்கிழமை முடிவு செய்துவிட்டதாகச் சொன்னவர்.

வியாழக்கிழமை சுத்தமல்லி அணைக்கட்டுக்குப் புறப்பட்டேன். டவுன் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைத் திறந்தார். பயணிகள் எல்லோரும் சாலையோர நிழலுக்கு இறங்கினோம். பஸ்ஸின் பக்கவாட்டைப் பார்த்தேன். எத்தனையோ உரசல்கள், ஒவ்வொரு உரசலிலும் வேறு வேறு காலத்துப் பெயிண்ட். பச்சைக்குக் கீழே நீலம், அதற்கும் கீழே மஞ்சள், அடியில் தகரம். குனிந்து எடுக்க ஆரம்பித்தேன்.

பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. "நல்லா எடுங்க சார். நாளைக்குப் பேப்பர்ல வரணும். வாரத்துக்கு ரெண்டு தடவை நின்னு போவுது" என்றார் கத்திரிக்காய்ப் பை வைத்திருந்த ஒருவர். ஓட்டுநர் கை நிறைய கிரீஸ் மசியோடு ஓடி வந்தார். "சார், எம் மேல தப்பில்ல. டிப்போவுல சொல்லியாச்சு. வேணும்னா எஞ்சினை எடுங்க, நான் காட்டுதேன்."

"எனக்கு இந்தப் பெயிண்ட் போதும்."

"பெயிண்டா?" என்று அவரும் குனிந்து பார்த்தார். "இது நானில்ல. முந்தி ஓட்டுனவன் இடிச்சது."

மாற்று பஸ் வர முக்கால் மணி நேரமானது. அதற்குள் கத்திரிக்காய்க்காரர் அந்த உரசலில் இலங்கையின் வரைபடத்தைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் காட்டிவிட்டார். அணைக்கட்டில் மதகுக் கதவின் மசிக்கறையை எடுத்தேன். துரு சிவப்பில் சேருமா என்று கொஞ்ச நேரம் யோசித்து, துரு இல்லாத பக்கத்துக்கு நகர்ந்தேன். திரும்பும் வழியில் ஒரு தோட்டத்தில் காய்ந்து தொங்கிய வாழைச் சருகு.

வீட்டில் மதினி இட்லித் துணியைப் பிழிந்து கொடியில் போட்டிருந்தார். அதை எடுத்தேன். அண்ணாச்சி தூங்கிக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த செம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அடிப்பக்கத்தை எடுத்தேன். மதினி ஒரு கேள்வியும் கேட்காமல் ஜன்னல் கதவை அகலமாகத் திறந்து வெளிச்சம் விட்டார்.

கடைசிப் படத்துக்கு வாசலுக்கு வந்தேன். படுதாவை விலக்கினேன். அந்த ஸ்கூட்டரில் நான் எப்போதும் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். கால் வைக்கும் பலகையை ஒரு நாளும் பார்த்ததில்லை. அண்ணாச்சியின் வலது குதிகால் பிரேக்குக்குப் போய் வந்து தேய்த்திருந்த இடத்தில் நீலப் பெயிண்ட் போய், சாம்பல் பூச்சு வந்து, அதுவும் போய் வெறும் உலோகம் தெரிந்தது. ஓரங்களில் மணல் நிறத்தில் துரு. மாவட்டத்தின் அத்தனை ஊர்களுக்கும் போன குதிகால் அது. மண்டியிட்டு எடுத்தேன். திரையில் பார்த்தபோது விமானத்திலிருந்து பார்க்கும் ஆறு மாதிரி இருந்தது. படுதாவைப் பழையபடி மூடினேன்.

ஃபிளெக்ஸ் கடைக்காரர், "எழுத்தும் இல்லையா இப்போ?" என்றார்.

"எண் மட்டும் போடுங்க. ஒன்று முதல் ஆறு வரை."

"தேர்தல்ல நிக்கறாங்களா சார்?" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணாச்சி எனக்கு முன்னால் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பழைய நான்கையும் எடுத்துவிட்டுப் புதுப் படங்களை ஒட்டி முடித்ததும் ஆறு பேரும் வரிசையாகப் பார்த்தார்கள். பிறகு அண்ணாச்சி வலது கையை நீட்டினார். "ஆறாம் நம்பர் என் செம்பு. அடியில அந்த நெளிசல் போன வருசம் நான் கீழ போட்டப்ப விழுந்தது. என்கிட்டயேவா?"

"சரி" என்றேன்.

"ஒண்ணாம் நம்பர் பஸ்ஸு. அதைக் கேக்கவே வேண்டாம்" என்றார் சுடலைமுத்து. "அந்தப் பச்சை எங்க பச்சை." ரஹ்மத்து பீவி இரண்டாவதை இட்லித் துணி என்று உறுதியாகச் சொன்னார். சுடலைமுத்து அது புயலுக்கு முந்திய மேகம் என்று வாதாடினார். தன் வீட்டில் இட்லிக்குத் தட்டுதான், துணி கிடையாது என்பது அவர் கட்சி. "துணியில்லாம என்ன இட்லி?" என்று கேட்ட ரஹ்மத்து பீவியோடு வாக்குவாதம் முற்றி, மெர்சி வந்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியதாயிற்று. மூன்றாவதுக்கும் ஐந்தாவதுக்கும் விடை கிடைக்க இரண்டரை மணி நேரம் ஆனது. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை. மெர்சி அதைக் கண்ணால் எனக்குச் சுட்டிக் காட்டினார்.

நான்காம் எண்ணுக்கு விடை கிடைக்கவே இல்லை.

"கருங்குளத்துக்கிட்ட ஆறு திரும்புதுல்லா, அது" என்றார் அண்ணாச்சி. "மேல இருந்து எடுத்தது. ட்ரோன்ல."

"ட்ரோன் இல்லை. எல்லாமே ஒரு சாண் தூரத்தில் எடுத்தது."

"மீன் தொலி" என்றார் ரஹ்மத்து பீவி.

"ஏரோப்பிளேன் சீட்டு" என்றார் சுடலைமுத்து. ஏரோப்பிளேனில் போயிருக்கிறீரா என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை, அதனால்தான் அடையாளம் தெரியவில்லை என்றார்.

நான்கு மணி நேரம் முடிந்து ஊசியைக் கழற்றினார்கள். அண்ணாச்சி கையைப் பஞ்சு வைத்து அழுத்தியபடியே சுவருக்கு அருகில் போய் நின்றார். மூக்கு படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். "சொல்லித் தொலையும்வே."

"மாட்டேன்."

"நிருபர்கிட்டயே செய்தியை மறைக்கீரா?"

"திங்கள்கிழமை யாராவது கண்டுபிடிப்பார்கள்."

"திங்கக்கிழமை நான் வருவேன்னு யாரு சொன்னா?" என்றார். மெர்சி குனிந்து குழாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு கணம் நின்றது, பிறகு சுருட்டத் தொடங்கியது.

சனிக்கிழமை நான் கிளம்பினேன். மதினி கட்டித் தந்த உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் பையில் இருந்தன. அண்ணாச்சி வழியனுப்ப வாசல்வரை வந்தார். படுதா மூடிய ஸ்கூட்டரின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒரு துப்பாவது கொடும்."

"நீங்கள் தினமும் தாண்டிப் போகிற பொருள்."

"இந்த ஊர்ல நான் தாண்டிப் போகாத பொருள் என்னவே இருக்கு?" என்றார். ஆட்டோ நகர்ந்தது. பாலம் வந்தது. நானாகவே ஆற்றைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சென்னையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"வே, காலையில மெக்கானிக்கை வரச்சொல்லி வண்டிக்குக் காத்தடிச்சேன். பழைய துணியை எடுத்து நானே தொடைச்சேன். மேல இருந்து கீழ வரை." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நாலாம் நம்பர் என் ஸ்கூட்டர். கால் வைக்குத பலகை. பிரேக்குப் பக்கம் என் குதிங்கால் தேச்ச எடம். சரிதான?"

சரிதான். இம்மி பிசகாமல் சரி. நாளை திங்கள்கிழமை. சுவரில் மற்ற ஐந்து படங்களுக்கும் விடை தெரிந்துவிட்டது.

"இல்லை அண்ணாச்சி" என்றேன்.

பின்னணியில் மதினி யாரிடமோ பேசும் குரல் கேட்டது.

"உம்ம சர்வீஸ் முழுக்கத் தப்பா ஒரு படவிளக்கம் கொடுத்திருக்கீரா?"

"கொடுத்ததில்லை."

"நானும் பாத்ததில்ல" என்றார் அண்ணாச்சி. "சரி. ஸ்கூட்டர் இல்லைன்னா வேற என்னவோதான் இருக்கணும். நாளைக்குப் போயி இன்னொரு தடவை நல்லாப் பாக்கேன்."